தலைமையாசிரியர் இறுக்கிய பெல்ட்

காங்கேயத்துக்குத் தெற்கே ஓர் ஊரில் மயிலாத்தாள் என்று ஓர் ஆயில் எஞ்சின் மெக்கானிக் இருந்தாள். வயது நாற்பது. அவளுக்கு ஒரே ஒரு சீடர். அவருக்கு வயது அறுபத்தாறு. பெயர் அர்த்தநாரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒன்பதாம் வகுப்பில் அவளுக்குக் கணக்கு நடத்தியவரும் அவரேதான்.

ஊர் சிரிக்காமல் இருக்குமா? நன்றாகவே சிரித்தது.

"சிரிக்கட்டுமே. கத்துக்க வந்தவன் மாணவன், கத்துக்குடுக்கறவங்க வாத்தியாரம்மா" என்பார் அவர்.

"சும்மா இருங்க சார்" என்று மயிலாத்தாள் தலையைக் குனிந்துகொள்வாள்.

வருவதற்கு ஒரு சாக்கு இருந்தது. பழைய இரும்புக் கடையில் அவர் ஓர் அரவை மில் வாங்கியிருந்தார். பெயர்த்தகடு கிடையாது. என்ன மில், எதை அரைக்கும், எப்படி ஓட்டுவது, ஒன்றும் தெரியாது.

உண்மைக் காரணம் வேறு. மயிலாத்தாளைப் போலக் கணக்குப் போட்ட பிள்ளையை அவர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மாவட்டப் போட்டிக்குத் தயார் செய்கிறேன் என்று மணி அடித்த பிறகும் உட்கார வைத்தார். ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார். "இன்னும் ஒரே ஒரு கணக்கு" என்பார், அது பத்தாகும். ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. மாமாவின் பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கப் போய்விட்டாள். அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை நாம்தான் கெடுத்துவிட்டோமோ என்று இருபத்தாறு வருஷமாக மனுஷனை அரித்தது. கேட்டுவிட வேண்டும், ஆனால் வாய் வரவில்லை. பாவம், மில்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் நாள் மயிலாத்தாள் மில்லைச் சுற்றி வந்தாள். மூடியைக் கழற்றி உள்ளே கை விட்டாள்.

"பல்லெல்லாம் பெருசு பெருசா இருக்குதுங்க சார். இது மாவு அரைக்கறது இல்லீங்க. மாட்டுக்குச் சோளக்கதிரைக் கட்டையோட நொறுக்கற மில்லு."

"எந்தப் பக்கம் சுத்தும்?"

"தொட்டுப் பாருங்க. எந்தப் பக்கம் தேஞ்சிருக்குது?"

தொட்டுப் பார்த்தார். பல்லின் வலப்பக்கம் மழுங்கியிருந்தது.

"நம்ம எஞ்சின் அதுக்கு நேர் எதிராச் சுத்துதுங்க. அதனால பெல்ட்டைக் குறுக்கா மாத்தி, எட்டு மாதிரி போடணும்."

நாலு மாதம் துரு எடுத்தார்கள். பிறகு ஒரு காலையில் எஞ்சினைக் கிளப்பி, பெல்ட்டை மாட்டி, கதிரைப் போட்டார்கள். பெல்ட் கழன்று விழுந்தது. மாட்டினார்கள், மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவையும் விழுந்ததும் சீடருக்குப் பொறுக்கவில்லை.

"இது விழாம இருக்க என்னதான் வழி?"

குரு எஞ்சினை நிறுத்தினாள். "டீ குடிச்சுப்போட்டு வர்றனுங்க சார். கொஞ்சம் யோசிச்சு வைங்க."

அவரா யோசிப்பார்! பெல்ட் இறுகட்டும் என்று கடப்பாரையால் நெம்பி மில்லை இரண்டு அங்குலம் பின்னுக்குத் தள்ளினார். வழுக்காமல் பிடிக்கப் பெல்ட்டுக்குக் குங்கிலியப் பொடி தடவினார். போல்ட்டுகளை இறுக்கினார். பெல்ட்டைத் தட்டினால் தம்பட்டம் மாதிரி சத்தம் வந்தது. எஞ்சினைக் கிளப்பி ஒரு கூடைக் கதிரைக் கொட்டினார். பெல்ட் கழலவில்லை.

மயிலாத்தாள் திரும்பி வந்தாள். நேரே போய் எஞ்சினை நிறுத்தினாள்.

"ஏன், நல்லாத்தானே ஓடுச்சு?"

"பேரிங் மேல கை வைங்க."

வைத்தார். அடுத்த கணம் கையை உதறினார். அடுப்பில் இருந்த தோசைக்கல்லாகக் கொதித்தது.

"இங்க பாருங்க சார். இந்தப் பேரிங் கூட்டு ஓரத்துல தடிப்பா இருக்குதே, இது வெடிச்சு ஒட்டவெச்ச இடம். உங்களுக்கு முன்னாடியும் யாரோ இழுத்துக் கட்டியிருக்காங்க."

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. அவள் போல்ட்டுகளைத் தளர்த்தி மில்லை ஓர் அங்குலம் மட்டும் முன்னுக்கு இழுத்தாள். குங்கிலியத்தைத் துடைத்தாள். எஞ்சினைக் கிளப்பி, ஒரு வேலங்கட்டையைக் கையில் எடுத்தாள்.

"அக்கட்டால, தள்ளி நில்லுங்க சார்."

கட்டையை மில்லுக்குள் போட்டாள். மில் ஒரு முனகு முனகி நின்றது. பெல்ட் துள்ளிக் கழன்று மண்ணில் விழுந்தது. எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயய்யோ, விழுந்துபோச்சே!"

அவள் எஞ்சினை நிறுத்தினாள். பட்டறை அமைதியானது. மண்ணில் கிடந்த பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அழுகை பொங்கிவிட்டது.

"மயிலு, அன்னைக்கு நீ ஏம்மா பள்ளிக்கூடத்தை விட்டுப் போனே? நான்தானே காரணம்? உன் வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டனா?"

அவள் குனிந்து கட்டையை வெளியே உருவினாள்.

"மூடியைத் தொறந்து பாருங்க சார்."

பரீட்சைத் தாள் திருத்துகிற கவனத்தோடு ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"ஏதாச்சும் ஒடஞ்சிருக்குதுங்களா?"

"இல்லைம்மா. பெல்ட்டுதான் கழண்டுக்கிச்சே, ஒரு கீறல்கூட இல்லை."

"அப்பறம் எதுக்குங்க சார் அழறீங்க? அந்தப் பக்கம் பிடிங்க, பெல்ட்டை மாட்டலாம்."