எந்த மரம், மாஸ்டர்?

கோவை வடவள்ளியில் மெஹர்பானு ஒரு சாப்பாட்டுக் கடை நடத்திவந்தார். கோழியையும் ஆட்டு விலாவையும் புகையிலேயே வேகவைத்துத் தருகிற கடை. அவருக்கு வயது முப்பத்து நான்கு. அந்த அடுப்பின் பக்கம் போகிற எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவரிடம் தொழில் கற்க வந்த சீடருக்கு ஐம்பத்தெட்டு வயது. பெயர் சென்னியப்பன். திருப்பூரில் சாயப்பட்டறை நடத்தி, அதை விற்றுவிட்டு வந்தவர். அவிநாசியில் கடைக்கு இடம் பிடித்து, அடுப்பு வாங்கிப் போட்டு, பெயர்ப் பலகையும் மாட்டிவிட்டார். ஆனால் பலகையைத் துணியால் மூடியிருந்தார். மாஸ்டர் வாயால் "திறங்க" என்று வராமல் துணியை எடுப்பதில்லை என்று ஒரு பிடிவாதம். மாஸ்டரோ சொல்கிற வழியாக இல்லை.

"பலகையை எப்பங்க தொறப்பீங்க? துணி நைஞ்சு போச்சு" என்று சென்னியப்பனின் மனைவி பூவாத்தாள் அடிக்கடி கேட்டாள்.

பங்காளிகள் எதுவும் கேட்கவில்லை, சிரித்தார்கள். சென்னியப்பனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

புகை அடுப்புக்கு விறகு வேண்டாம். மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் போதும். பென்சிலைத் துண்டு துண்டாக நறுக்கியது போல இருக்கும். மேலே தொட்டியில் கொட்டினால், உள்ளே ஒரு திருகு சுற்றி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும். சூட்டை மெஷினே பார்த்துக்கொள்ளும். மனிதனுக்கு மிஞ்சுகிற பெரிய வேலை, எந்த பெல்லட்டைப் போடுவது என்று முடிவு செய்வது. சென்னியப்பனுக்கு அந்த வேலைதான் வரவில்லை.

சேர்ந்த அன்றைக்கே ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாயப்பட்டறையில் பாய்லருக்குப் போடுகிற பெல்லட்.

"நின்னு எரியுமுங்க மாஸ்டர். நம்ம பாய்லரு இத்தன வருசமா இதுலதான் ஓடுச்சு."

மாஸ்டர் இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்தார். ஒன்றில் தன் கடை பெல்லட்டைப் போட்டார், இன்னொன்றில் அவர் கொண்டுவந்ததை. இருவரும் போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள்.

கடை பெல்லட் ஊறி உடைந்து மரத்தூளாக அடியில் கிடந்தது. பாய்லர் பெல்லட் போட்டபடியே இருந்தது. தண்ணீர் மேல் எண்ணெய் மினுங்கியது.

"இது ஏனுங்க கரையல?"

"பசைங்கண்ணா. பிளைவுட்டு, பெயின்ட் அடிச்ச கதவு, எல்லாத்தையும் அரைச்சு ஒட்டியிருக்காங்க."

"பாய்லரு ஒண்ணும் சொல்லலீங்களே?"

"பாய்லருக்கு நாக்கு இல்லீங்க."

சென்னியப்பன் மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்.

சில நாள் கழித்து நேராகவே கேட்டுவிட்டார்.

"மாஸ்டர், இருக்கறதுலயே நல்ல மரம் எதுங்க?"

மாஸ்டர் ஒரு பெல்லட்டை எடுத்து அவர் காதருகே வைத்து ஒடித்தார். டக்கென்று சத்தம் வந்தது.

"கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சுங்க. ஆனா, எந்த மரம்னு..."

"ஈரம் இல்ல. அதைத்தான் அது சொல்லுச்சு."

"நான் மரத்தப் பத்திக் கேட்டனுங்க."

"நானும் மரத்தப் பத்தித்தாங்கண்ணா சொன்னேன்."

இதெல்லாம் ஒரு பதிலா என்று சென்னியப்பனுக்குக் கோபமே வந்தது. வீட்டுக்குப் போய் செல்போனைத் தேய்தேய் என்று தேய்த்தார். அமெரிக்காக்காரர்கள் மெஸ்கீட் என்ற மரத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தார்கள். அங்கிருந்தே வரவழைத்தார். பளபளப்பான பையில் வந்து இறங்கியது. கல்யாணப் பத்திரிகை வைக்கிற பவ்யத்தோடு அதை மாஸ்டர் முன்னால் வைத்தார்.

மாஸ்டர் பையில் இருந்த படத்தைப் பார்த்தார். அவரைக் கடைக்குப் பின்னால் இருந்த காலி மனைக்குக் கூட்டிப் போனார். மனை முழுக்க முட்புதர்.

"இது என்ன மரமுங்கண்ணா?"

"சீமைக் கருவேலமுங்க. பாழாப் போன மரம். ஊரே இத வெட்டி எறியுது."

"உங்க பைக்குள்ள இருக்கறது இதோட பங்காளிங்க."

சென்னியப்பன் புதரைப் பார்த்தார், கையிலிருந்த பையைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. விறுவிறுவென்று போய்ப் பையைக் குப்பைத் தொட்டிக்குள் போடப் போனார்.

"அத எதுக்குங்கண்ணா போடறீங்க?"

"முள்ளுங்க! போயும் போயும் முள்ளக் கப்பல்ல வரவெச்சிருக்கேன்!"

"நேத்து அமெரிக்கான்னு வாங்குனீங்க. இன்னைக்கு முள்ளுன்னு எறியறீங்க. ஒரு தடவையாவது மோந்து பாத்தீங்களா?"

சென்னியப்பன் அப்போதுதான் பையைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார். கொஞ்சத்தை இரும்புக் கரண்டியில் போட்டு நெருப்புக் காட்டினார். புகை அழுத்தமாக எழுந்தது. கோழிக்குப் போட்டால் கோழியையே விழுங்கிவிடும். ஆட்டு விலா தாங்கும். யாரும் சொல்லித் தராமல் அவருக்கு அது தெரிந்தது. அன்றைக்கு முழுக்க அவர் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

ஆனால் ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. தொட்டியில் பெல்லட்டைக் கொட்டும் முன்னால் மாஸ்டர் முகத்தைப் பார்ப்பார்.

"இதப் போடட்டுங்களா?"

மாஸ்டர் தலையாட்டினால் போடுவார், ஆட்டாவிட்டால் மூட்டையை மாற்றுவார். கையில் பெல்லட் இருக்கும், கண் அதன் மேல் இருக்காது.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை மாஸ்டர் சொன்னார்:

"நாளைக்கு அடுப்பு உங்களுதுங்கண்ணா. நான் கை வெக்க மாட்டேன்."

சென்னியப்பன் உடனே பூவாத்தாளுக்கு போன் போட்டார். அவள் உற்சாகத்தில் பங்காளிகள் அத்தனை பேரையும் மறுநாள் மதியம் மாஸ்டர் கடைக்குச் சாப்பிட அழைத்துவிட்டாள். சிரித்த வாய்களெல்லாம் ஒரே மேஜைக்கு வரப்போகின்றன என்று தெரிந்ததும் சென்னியப்பன் அப்போதே மூட்டைகளைப் புரட்டினார். கோழிக்கு மாமர பெல்லட்டை எடுத்து வைத்தார். மாஸ்டரிடம் காட்டினார்.

"இது சரிங்களா?"

மாஸ்டர் பார்த்தார். "சரி" என்றார்.

ஞாயிறு காலை வந்து பார்த்தால், ராத்திரி அடித்த சாரல் ஜன்னல் வழியாக உள்ளே இறங்கியிருந்தது. மாமர மூட்டையின் வாய் திறந்திருந்தது. சென்னியப்பன் ஒரு பெல்லட்டை எடுத்து ஒடித்தார். சத்தமே வரவில்லை, விரலுக்குள் பொதுக்கென்று நசுங்கியது. கையை அடியில் விட்டு எடுத்துப் பார்த்தார். அங்கும் அப்படித்தான்.

மாஸ்டர் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஒரு சத்தம் கொடுத்தால் போதும். ஆனால் சென்னியப்பனின் கண் மூட்டையை விட்டு நகரவில்லை. இதைப் போட்டால் திருகுக்குள் ஊறி இறுகிக்கொள்ளும். பாதி வேக்காட்டில் நெருப்பு செத்துவிடும். கோழியோ உப்பும் மிளகும் தடவித் தயாராக இருக்கிறது.

அவர் மூட்டையின் காதைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்.

மெஸ்கீட் இருந்தது. அது கோழிக்கு ஆகாது. அலமாரிக்கு அடியில் இன்னொரு மூட்டை இருந்தது. எலி கடித்துப் பெயர்ச் சீட்டு போன மூட்டை. பிரித்தார். ஒடித்தார், டக்கென்றது. டம்ளரில் போட்டார், சீக்கிரமே பூத்துத் தூளானது. கரண்டியில் போட்டு நெருப்புக் காட்டினார். இனிப்பாக, மெலிசாக ஒரு வாசம். ஏதோ பழமரம். என்ன பழம் என்று பிடிபடவில்லை. அது அவருக்கு ஒரு குறையாகவும் படவில்லை.

தொட்டியில் மிச்சமிருந்த பழையதை வழித்து எடுத்தார். திருகில் ஒட்டிய தூளைத் துடைத்தார். புது மூட்டையைக் கொட்டி நெருப்பு வைத்தார். முதலில் வெள்ளையாகக் குபுகுபுவென்று புகை வந்தது. மேஜைப் பக்கமிருந்து, சீக்கிரமே வந்துவிட்ட பங்காளிகளின் பேச்சுக் குரல் கேட்க ஆரம்பித்தது. சென்னியப்பன் அவசரப்படவில்லை. புகை இளைத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஆனபிறகுதான் கோழியை உள்ளே வைத்து மூடினார்.

அவருக்குப் பயமே இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

வந்தவர்களில் கருப்பண்ணன்தான் மூத்த பங்காளி. அதிகமாகச் சிரித்தவரும் அவர்தான். கோழியின் கால் ஒன்றைப் பிய்த்து வாயில் வைத்தவர், எலும்பு வெள்ளையாகும் வரை அதை விடவில்லை. எலும்பைக் கீழே வைத்துவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சென்னீ, இன்னொன்னு இருக்குதா? இல்ல, இவங்களே தின்னு தீத்துட்டாங்களா?"

"இருக்குதுங்கண்ணா!"

பூவாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள். அந்த மேஜையில் புகையே இல்லை.

எல்லோரும் போனபிறகு சென்னியப்பன் ஒரு தட்டைக் கொண்டுவந்து மாஸ்டர் முன்னால் வைத்தார். மாஸ்டர் நிதானமாகச் சாப்பிட்டார். தட்டில் எலும்பு மட்டும்தான் மிஞ்சியது.

சென்னியப்பன் எதிரே நின்றார். இத்தனை நாள் கேட்காததைக் கேட்டார்.

"மாஸ்டர், அவிநாசிக் கடையத் தொறக்கட்டுங்களா?"

மாஸ்டர் எழுந்துபோய்க் கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"காலைல ஒரு மூட்டைய வெளிய இழுத்துப் போட்டீங்களே, அது நான் சரின்னு சொன்ன மூட்டைதானுங்களே?"

"ஆமாங்க."

"அப்ப என்னையக் கேட்டீங்களாங்கண்ணா?"