வெறும் கம்பி

"வலியை எப்படி ஜெயிக்கறது, மாஸ்டர்?"

கேட்டவள் கனகவல்லி. வேலூரில் மாவு மில் வைத்திருந்தாள். நாற்பது தாண்டிய பிறகு பளுதூக்க வந்து, மூத்தோர் பிரிவில் மாவட்டத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவள்.

பயிற்சி தரும் ரெஜினா மாஸ்டர் அவளைவிட வயதில் சிறியவர். கம்பியில் இருந்த எடைத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"வெறும் கம்பியைத் தூக்குங்க, அக்கா."

தூக்கினாள்.

"எங்கே வலிக்குது?"

"எனக்கா? எங்கேயும் இல்லை."

கனகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. மூட்டை சுமந்து சுமந்து உரமேறிய தோள் அது. பிரசவ வலியிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள் அவள்; ஒரு முனகல்கூட வரவில்லை என்று தெருவே பேசியது.

"அப்போ இன்னைக்கு வீட்டுக்குப் போங்க."

மறுநாளும் வெறும் கம்பி. அதே கேள்வி, அதே பதில். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கூட இருந்தவர்கள் தட்டுக்கு மேல் தட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள், கம்பியோடு உட்கார்ந்து எழுந்து ஓய்ந்துபோய், ஆத்திரத்தில் கத்தியே விட்டாள்.

"தொடை எரியுது, மாஸ்டர்! போதுமா?"

"உட்காருங்க."

உட்கார்ந்தாள்.

"இப்போ?"

"போயிடுச்சு."

"வேற?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இடது தோள்ல, உள்ளே. நூலைப் பிடிச்சு இழுக்கற மாதிரி. கை தலைக்கு மேல போனாத்தான்." குரல் இறங்கியது. "உட்கார்ந்தாலும் இது போகலை. ரொம்ப நாளா இருக்கு."

"ரொம்ப நாளான்னா?"

"நான்தான் அதைக் காது கொடுத்துக் கேட்கலை, மாஸ்டர்."

தோளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். இழுப்பு அடங்கிய பிறகுதான் கம்பியில் தட்டு ஏறியது.

போட்டி நாள். கடைசித் தூக்கு. தூக்கினால் தங்கம். மில்லுக்கு மாவரைக்க வருகிற பெண்களெல்லாம் வேன் பிடித்து வந்திருந்தார்கள்.

கம்பியை மார்புவரை கொண்டுவந்துவிட்டாள். தலைக்கு மேல் தள்ளுவது மட்டும்தான் பாக்கி.

அப்போது இடது தோளில் ஊசி இறங்கியது.

"விடாதே, கனகா! தூக்கு!" என்று வேனில் வந்த பெண்கள் கத்தினார்கள்.

தள்ளியிருந்தால் ஏறியிருக்கும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

கையைத் தளர்த்திக் கம்பியைக் கீழே விட்டாள். இடி விழுந்த மாதிரி சத்தம்.

"அவ்வளவுதானா?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

கனகவல்லி தலை குனியவில்லை. நேராக நடந்து மாஸ்டரிடம் வந்தாள். தோளில் ஒரே இடத்தில் விரல் வைத்தாள்.

"இங்கே."

அரங்கத்து டாக்டர் அழுத்திப் பார்த்தார். கையை மெல்ல உயர்த்திப் பார்த்தார்.

"தசைநார் லேசா கிழிஞ்ச மாதிரி இருக்கு. ஓய்வு கொடுத்தா ஆறிடும்மா. மேலே தள்ளியிருந்தா ஆபரேஷன்ல போய் நின்னிருக்கும்."

வெள்ளிப் பதக்கம் கழுத்தில் ஏறியது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

போட்டி நடத்தியவர்களில் ஒருவர் மாஸ்டரிடம் வந்து வருத்தப்பட்டார். "கைக்கு வந்த தங்கம். கடைசி நேரத்துல பயந்துட்டாங்களே உங்க ஆள்!"

ரெஜினா எழுந்து நின்றார். எத்தனையோ பேர் அவரிடம் பயின்று தங்கம் வாங்கியதைக் கனகவல்லி பார்த்திருக்கிறாள். எதற்கும் அவர் இப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

"சார், இனிமே நான் யாருன்னு யாராவது கேட்டா, கனகவல்லியோட மாஸ்டர்னு சொல்லுங்க."