சிவப்பு நூல்

ஒடெசா பட்டணத்துல யூதப் பிள்ளைங்களுக்குப் புதுசா ஒரு பள்ளிக்கூடம் திறந்தாங்க. வேதம் ஒரு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் கணக்கு, பூகோளம், ரஷ்ய மொழி. ஊர் ரெண்டாப் பிரிஞ்சுது. பாதிப் பேர் அதை நரகத்து வாசல்னாங்க. மீதிப் பேர் பிள்ளைக்கு இடம் கிடைக்குமான்னு விசாரிச்சாங்க. ரெண்டையும் செஞ்சவங்களும் உண்டு.

அஸ்ரியேல் நரகத்து வாசல் கட்சி. ரபி செலிக்ங்கிற யூத குருகிட்ட இருபது வருஷமா வேதம் படிக்கிற சீடன். அவன் பொண்டாட்டி அவனுக்குத் தெரியாம மகள் பிரைனாவை அந்தப் பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டா.

ஒருநாள் மகளோட பூகோளப் புஸ்தகம், முதல் பாகம், அவன் கையில சிக்குச்சு. பன்னெண்டாம் பக்கத்துல அவ அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூல் வெச்சிருந்தா. அடுப்புல போடப் போனவன் முதல் பக்கத்தைப் பார்த்து நின்னுட்டான். அதுல கடவுள் பேரு அச்சடிச்சிருந்துச்சு. அந்தப் பேரு இருக்கிற தாளை எரிக்கக் கூடாது. செத்த மனுஷனைப் போலப் புதைக்கணும். புதைக்கிற நாள் வரைக்கும் ஜெபக்கூடத்துப் பின்னறையில பூட்டி வெப்பாங்க. அங்கேயே கொண்டுபோய்ப் போட்டான்.

அந்த அறையில ஒரு விசேஷம். நைஞ்சுபோன வேதப் புஸ்தகங்க தினம் மத்தியானம் முணுமுணுன்னு ஓதும். ஊருக்குப் பழகிப்போச்சு. சத்தம் கூடினா காவக்காரர் கதவைத் தட்டி அடக்குவார்.

பூகோளம் உள்ளே போன மறுநாளே ஓதற சத்தம் நின்னுபோச்சு. ஒரு வாரம் ஆச்சு, மூச்சில்லை.

அஸ்ரியேல் வேர்த்து விறுவிறுத்து ரபிகிட்ட ஓடினான்.

"ரபி, அந்தப் புஸ்தகம் உள்ளே ஓதறவங்களைக் கொன்னுடுச்சு. இன்னையோட பிரைனா படிப்பை நிறுத்திடறேன். நிறுத்தலாம்தானே?"

ரபி எழுந்தார். பின்னறைச் சாவியை எடுத்துக்கிட்டு ஜெபக்கூடத்துக்கு நடந்தார். ரெண்டு பேரும் கதவுல காது வெச்சாங்க.

"என்ன கேக்குது?"

"ஒண்ணுமில்லை ரபி."

"அவசரப்படாதே. கேளு."

உள்ளே ஒரு தாள் புரண்டுச்சு. அப்புறம், கூட்டமா நிறையப் பேர் ஒண்ணா மூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம்.

ரபி பூட்டைத் திறந்தார். ஆள் யாருமில்லை. அலமாரியில இருந்த கிழப் புஸ்தகங்க எல்லாம் தரைக்கு வந்து, பூகோளத்தைச் சுத்தி நெருக்கியடிச்சுக் கிடந்துச்சு. சிவப்பு நூல் கடைசிப் பக்கத்துல இருந்துச்சு.

அஸ்ரியேல், நூலைத் தான் தொடவே இல்லைன்னு ரெண்டு தடவை சொன்னான்.

ரபி குனிஞ்சு புஸ்தகத்தை எடுத்தார். தூசியை ஊதிட்டு அவன் கையில கொடுத்தார்.

"இவங்க முடிச்சுட்டாங்க. ரெண்டாம் பாகத்தைப் பிரைனா எப்போ படிச்சு முடிப்பான்னு கேட்டுட்டு வா. அதுவரைக்கும் காத்திருக்கச் சொல்றேன்."