மாதிரி நேர்காணல்

‘பசித்தவன் முன்னால் இலையைப் போட்டுவிட்டு’ என்று தொடங்கும் ஒரு சொல்லை, கோமதிநாயகத்தின் பெரியப்பா கல்யாண வீடுகளில் மணமக்களை வாழ்த்திப் பேசும்போது சொல்வார். இலையைப் போட்டுவிட்டு என்ன செய்யக் கூடாது என்பது அதன் பின்பாதி. கத்தாரில் கழிந்த வருஷங்களில் அந்தப் பின்பாதி கோமதிநாயகத்தின் நினைவிலிருந்து எங்கோ நழுவிவிட்டது. பெரியப்பாவும் இப்போது இல்லை.

கத்தாரில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவர் கோமதிநாயகம். கம்பெனியை மூடியதும் ஊர் திரும்பி, பிலோமினாவிடம் தொழில் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். கரிசல் பக்கத்துக் கல்லூரிகளில் மாணவர்களை வேலைக்குத் தயார் செய்யும் பயிற்சி முகாம் நடத்துவது பிலோமினாவின் தொழில். எப்படிக் கைகுலுக்குவது, எப்படி உட்காருவது, தன்னைப் பற்றி எப்படிச் சொல்வது, தோல்வியை எப்படித் தாங்குவது. வயதில் இளையவர்தான். ஆனாலும் கோமதிநாயகத்துக்கு அவர் குரு.

முகாமின் கடைசி நாளில் மாதிரி நேர்காணல் இருக்கும். பயிற்சியாளர் கம்பெனி அதிகாரிபோல் டை கட்டிக்கொண்டு உட்காருவார். மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து பதில் சொல்லிப் போவார்கள். அதற்கு பிலோமினா ஒரு விதி வைத்திருந்தார்.

“குறை சொல்லுங்க, நிறை சொல்லுங்க. முடிவு மட்டும் சொல்லாதீங்க.”

“ஏன் மேடம்?”

“அது நம்ம கையில இல்ல.”

போன மாத முகாமில் செல்வக்கனி என்ற பெண் உள்ளே வந்தாள். தடுமாறாமல் பேசினாள். கேட்காத கேள்விக்கும் பதில் வைத்திருந்தாள். ‘போகலாம்’ என்றதும் எழுந்து நின்று, போகாமல், அவர் முகத்தையே பார்த்தாள். கோமதிநாயகத்தால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

“யூ ஆர் செலக்டட். வாழ்த்துகள்மா,” என்று கைகொடுத்தார்.

செல்வக்கனி முதல் நாள் முகாமுக்கு வரவில்லை. அன்று அவளுக்கு ஜவுளிக்கடையில் வேலை. அதனால் நடப்பது பயிற்சிதான் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. வாசலில் கல்லூரி கட்டியிருந்த பேனரிலோ ‘நேர்முகத் தேர்வு’ என்று மட்டும்தான் இருந்தது. மறுநாளே செமஸ்டர் விடுமுறை விட்டுவிட்டார்கள்.

இப்போது வேறொரு கல்லூரியில் முகாம். விசாரித்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள், அப்பாவையும் அழைத்துக்கொண்டு.

கோமதிநாயகம் வண்டி நிறுத்தும் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, டீ குடித்துக்கொண்டிருந்த பிலோமினாவிடம் ஓடி வந்தார். நடந்ததைச் சொன்னார்.

“ஆர்டர் எப்ப வரும்னு வாசல்ல கேட்டாங்களாம் மேடம். நான் என்ன சொல்லட்டும்?”

பிலோமினா திட்டவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, எதிர் நாற்காலியின் நுனியில் போய் உட்கார்ந்தார். கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

“நான் செல்வக்கனி. சொல்லுங்க சார்.”

“மேடம், இது விளையாடுற நேரமா?”

“ஆர்டர் எப்ப வரும் சார்?”

கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார்.

“அன்னிக்கு நீ ரொம்ப நல்லாப் பேசுனம்மா.”

“தேங்க்யூ சார்.”

“ஆனா, கம்பெனிகள்ல இப்ப நிலைமை சரியில்ல.”

“சரியாகுற வரைக்கும் காத்திருக்கேன் சார்.”

“அதில்லம்மா. அது ஒரு பயிற்சிக்காக வச்சது.”

“பயிற்சி முடியுற வரைக்கும் சம்பளம் கம்மியா இருந்தாலும் பரவாயில்ல சார்.”

“ஐயோ. இந்தத் தடவை இல்லன்னு சொல்ல வர்றேன்.”

“அப்ப அடுத்த தடவை இருக்கா சார்?”

“இல்லம்மா! வேலையே இல்ல. கம்பெனியும் இல்ல. நான் சும்மா சொன்னேன், போதுமா?”

பிலோமினா எழுந்து டம்ளரை எடுத்துக்கொண்டார்.

“கடைசியா சொன்னதை முதல்ல சொல்லுங்க. கோபத்தை மட்டும் இங்கயே வச்சிட்டுப் போங்க.”

கொட்டகையில் செல்வக்கனியின் அப்பா இசக்கிமுத்து நின்றிருந்தார். லாரி செட்டில் மூட்டை தூக்குபவர். கஞ்சி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை அவர் தோளுக்குப் பொருந்தாமல் நின்றது. கையில் ஒரு லட்டுப் பெட்டி.

கோமதிநாயகம் சொன்னார். சொன்னதைச் செல்வக்கனி உடனே புரிந்துகொண்டாள். பக்கத்து ஸ்கூட்டரின் கண்ணாடியைத் திருப்பி, மறுபடி பழைய பக்கமே திருப்பி வைத்தாள். இசக்கிமுத்துவுக்குத்தான் நேரம் பிடித்தது.

“அப்ப நீங்க கம்பெனிக்காரர் இல்லியா?”

“இல்லைங்க. பாடம் நடத்துறவன்.”

“நிசமான கம்பெனிக்காரங்க இதவிடக் கஷ்டமாக் கேப்பாங்களோ?”

“இதே கேள்விதான் கேப்பாங்க.”

“இவ சொன்னதுல தப்பு இருந்துச்சா?”

“ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியாச் சொன்னா.”

“பொறவு ஏன் சார் வேலை இல்லங்கிய?”

அரங்குக்குள் யாரோ ‘இன்னும் சத்தமா’ என்றார்கள். மாணவர்கள் கைதட்டினார்கள். கோமதிநாயகம் தட்டி முடியட்டும் என்று காத்திருப்பவர்போல் நின்றார். கைதட்டல் முடிந்தது.

“ஜவுளிக்கடையில எனக்குப் பதிலா ஆள் சேத்துட்டாங்க சார்,” என்றாள் செல்வக்கனி.

“ஏ, சும்மா இரு. சார் என்ன செய்வாவ, பாவம்.”

“தெரு பூராவும் லட்டு குடுத்தாச்சேப்பா.”

இசக்கிமுத்து பெட்டியைப் பார்த்தார். அதைக் கோமதிநாயகத்தின் கையில் வைத்தார்.

“உங்களுக்குன்னு வாங்குனது. இதைத் திரும்பக் கொண்டு போகக் கூடாது. நல்லது சார், முகம் பாத்துச் சொன்னிய.”

கும்பிட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே, பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார்.

கோமதிநாயகம் பெட்டியோடு உள்ளே வந்தார்.

“சொல்லிட்டேன் மேடம்.”

“அழுதாளா?”

“இல்ல.”

“அப்பா?”

“நன்றி சொல்லிட்டுப் போறார்.”

பிலோமினா மீதி டீயைக் குடித்தார்.

“அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க. எல்லாம் சரியாச் சொல்லியும் ஏன் வேலை இல்லன்னு. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

“எனக்குத் தெரியாது சார்.”

“இத்தனை வருஷமா நடத்துறீங்களே.”

“இத்தனை வருஷமாத் தெரியாது.”

மதியம் கோமதிநாயகத்தின் வகுப்பு இருந்தது. தலைப்பு ‘தன்னம்பிக்கை’. திரையில் அதற்கான படத்தை யாரோ இப்போதே போட்டு வைத்திருந்தார்கள். மலை உச்சியில் ஒருவன் கையை விரித்து நின்றான்.

“தெரு பூராவும் லட்டு குடுத்துட்டாங்களாம்,” என்றார் கோமதிநாயகம். “அது வேற. ஆனா தப்பு பண்ணவன் நேர்ல போய் நின்னு, மறைக்காமச் சொல்லிட்டேன். அதுக்கு மேல என்னால என்ன மேடம் முடியும்?”

பிலோமினா அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்தார்.

“அவங்க ரெண்டு பேர்கிட்டதான சார் சொன்னீங்க. லட்டு வாங்கின வீடுகள்ல யார் சொல்லுவா?”

கோமதிநாயகம் கேட்டைத் தாண்டி வெளியே வந்தார். அப்பாவும் மகளும் இன்னும் சாலையோரத்தில் நின்றார்கள்.

“நானும் வர்றேன்,” என்றார். “உங்க தெருவுல நானே சொல்லிடறேன்.”

செல்வக்கனி அன்று முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“வேண்டாம் சார். உங்களப் பாத்தா, கம்பெனியில இருந்தே ஆள் வந்துருக்காவன்னு நெனைப்பாங்க.”

“சும்மா போங்க சார்,” என்றார் இசக்கிமுத்து. “நாலு நாள் பேசுவானுவ. பொறவு மறந்துருவானுவ.”

பஸ் வந்தது. அவர்கள் இருவரும் முன்வாசல் வழியாக ஏறினார்கள்.

கோமதிநாயகம் பின்வாசல் வழியாக ஏறினார்.