முள் வெட்டிய தவளை

பக்கிரிசாமி ஒரு விராலைப் பிடிக்க ஆசைப்பட்டார். தின்பதற்கு அல்ல. தம்பி பார்ப்பதற்கு.

தம்பி கலியமூர்த்தியின் வீடு அல்லிக்குளத்தின் மேல்கரையில் இருந்தது. இவர் வீடு கீழ்கரையில். தெருக்களுக்கு நடுவே கிடக்கும் சின்னக் குளம்தான். இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் கேட்கும். ஆனால் ஒன்பது வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

அம்மா செத்தபோது பக்கிரிசாமி லாரியோடு குஜராத்தில் இருந்தார். "வந்துக்கிட்டே இருக்கேன், எடுத்துடாதீங்க" என்று போனில் கதறினார். சோறு தண்ணி இல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தால், வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். தாய்க்குக் கொள்ளி வைக்கிறவன் கடைசி மகன். வைத்துவிட்டுத் தலைமுழுகி நின்றான்.

"உடம்பு தாங்கலைண்ணே. எல்லாரும் எடுக்கச் சொன்னாங்க" என்றான்.

"ஊர்ல ஐஸ் பெட்டியா இல்லை?" என்று கேட்டார் பக்கிரிசாமி.

அன்றைக்குக் கேட்டதுதான். அப்புறம் சாப்பிடும்போது கேட்டார், முகம் மழிக்கும்போது கேட்டார், தூக்கம் வராதபோது சுவரைப் பார்த்துக் கேட்டார். தம்பியிடம் மட்டும் மறுபடி கேட்கவில்லை.

போன பங்குனியில் கலியமூர்த்தி மூங்கில் கழியில் மூன்று கிலோ விரால் ஒன்றைத் தூக்கிவிட்டான். படம் எடுத்துத் தெருவெல்லாம் பார்த்தார்கள். டீக்கடையில் ஒருவன் பக்கிரிசாமியிடமே போனை நீட்டி, "உங்க தம்பி பிடிச்சதைப் பார்த்தீங்களா?" என்றான். அந்த டீ பாதி டம்ளரோடு நின்றது.

மறுவாரம் பார்சல் வந்தது. மினுமினுவென்று கறுப்புத் தூண்டில் ராடு, சுற்றினால் சத்தமே வராத ரீல், பச்சை நூல், இரைக்குப் பதில் ரப்பர் தவளை. தவளையின் வயிற்றில் மேல்நோக்கி வளைந்த இரண்டு முள். அதை எப்படி எறிவது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

தெரிந்தவன் ஜெகபர். கீழ்கரை முக்கில் டூவீலர் பட்டறை வைத்திருந்தான். பக்கிரிசாமியைவிட இருபத்தைந்து வயது சின்னவன். இந்தக் குளத்தில் எந்தப் படிக்கட்டுக்குக் கீழே எந்த மீன் கிடக்கும் என்று சொல்லுவான், கேட்டால்தான் சொல்லுவான்.

"எனக்குச் சொல்லிக் கொடு, வாத்தியாரே" என்றார் பக்கிரிசாமி.

"எதுக்குண்ணே?"

"மூணு கிலோவுக்கு மேல ஒண்ணு வேணும்."

"எதுக்குண்ணே?"

"சொல்லிக் கொடுப்பியா, மாட்டியா?"

ஜெகபர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான்.

நாலு மாதம் போயிற்று. முதல் வாரம் பக்கிரிசாமி வேப்பமரத்தைப் பிடித்தார். இரண்டாம் வாரம் தன் வேட்டியைப் பிடித்தார். துணி துவைக்க வந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். "பக்கிரி ராக்கெட் விடுறான், தலையைக் குனிங்க" என்று கரையில் ஒருவன் கத்தினான். அவனோடும் பக்கிரிசாமி பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆனால் ஆடி முடிவதற்குள் எறி நேராகிவிட்டது. நினைத்த இடத்தில் தவளை போய் விழுந்தது. விரால்தான் விழவில்லை.

ஆவணியில் பேரனுக்குக் காதுகுத்து வந்தது.

பக்கிரிசாமிக்கு ஒரே மகள் மஞ்சுளா. மகன் கிடையாது. காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள மாமன் வேண்டும். கூடப் பிறந்தவன் இல்லாதவளுக்குச் சித்தப்பா மகன்தான் மாமன். மஞ்சுளா நேராக மேல்கரைக்குப் போய்ப் பாக்கு வெற்றிலை வைத்து அழைத்துவிட்டு, அதே காலோடு கீழ்கரைக்கு வந்தாள்.

"அவன் மகன் மடியில என் பேரனா?" என்றார் பக்கிரிசாமி.

"வேற யாருப்பா இருக்கா எனக்கு?"

"அவன் வந்தா நான் வரமாட்டேன்."

மஞ்சுளா அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை. "என் மாமியார் வீட்டு ஆளுங்க முன்னாடி, அப்பா எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? அன்னிக்கு வரலைன்னா, இனிமே எதுக்கும் கூப்பிட மாட்டேம்ப்பா. சண்டைக்குச் சொல்லலை. எனக்குத் தெம்பு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காதுகுத்தன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில், மேல்கரை வீட்டிலிருந்து சீர்த்தட்டுகள் புறப்பட்டதைப் பக்கிரிசாமி இங்கிருந்தே பார்த்தார். பழம், பட்டுத்துணி, கற்கண்டு. கலியமூர்த்தி வெள்ளைச் சட்டையில் வேனில் ஏறினான். இவர் மனைவி சரோஜாவும் புதுப் புடவையோடு வாசலில் நின்றாள்.

"கடைசியாக் கேட்கிறேன். வர்றீங்களா?"

"போகணும்னா நீ போ."

"நீங்க குளத்துலயே குடியிருங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஆட்டோவில் ஏறினாள்.

பக்கிரிசாமி ராடை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். ஜெகபர் ஒரு வண்டியின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"காதுகுத்துக்குப் போகலையாண்ணே?"

"வாயை மூடிக்கிட்டு வா. இன்னிக்குப் பிடிச்சே ஆகணும்."

"இன்னிக்கு அந்தக் கரையில பார்க்க ஆளே இல்லையேண்ணே."

"வா-ன்னா வா."

ஜெகபர் கட்டிங் பிளேயரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். படித்துறையில் நின்று தண்ணீரைப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான்.

அல்லி இலைகளுக்கு அப்பால், தண்ணீருக்கு மேலே சிவப்பாக ஒரு படலம் கொதித்துக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள். மேலே வந்து மூச்சு வாங்கும், அடங்கும், மறுபடி வரும். அவற்றின் கீழே, ஆள் முழங்கைப் பருமனில் ஒரு கறுப்பு நிழல் மெல்லத் திரும்பியது.

"யப்பா" என்றார் பக்கிரிசாமி. "அவன் பிடிச்சதைவிடப் பெரிசு."

"ஆமாண்ணே. இதோட ஜோடியைத்தான் போன வாரம் யாரோ பிடிச்சுட்டாங்க. இது தனியாக் காவல் கிடக்குது."

"தவளையைக் கடிக்குமா?"

"கொடுங்க" என்று ஜெகபர் ரப்பர் தவளையை வாங்கினான். பிளேயரை எடுத்தான். டக், டக். இரண்டு முள்ளும் படியில் விழுந்தன.

பக்கிரிசாமிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கறுத்தது.

"டேய்! என்னடா செஞ்சே? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? முள் இல்லாம நான் என்ன, மீனுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டவா வந்தேன்?"

"எறிங்கண்ணே."

"நீயும் அவன் கட்சியா?"

"எறிங்க. குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவுல."

வாத்தியாரை அடிக்க முடியாத கோபத்தை எல்லாம் ராடில் வைத்து எறிந்தார். தவளை சிவப்புப் படலத்தின் நடுவே விழுந்தது.

தண்ணீர் வெடித்தது.

விரால் பாதி உடம்போடு எழும்பித் தவளையைக் கவ்வி உதறியது. ராடு வளைந்தது. பக்கிரிசாமி இழுத்தார். வெறும் தவளை பறந்து வந்தது.

"பார்த்தியா! முள் இருந்தா மாட்டியிருக்கும்!"

பக்கிரிசாமி மறுபடி எறிந்தார். மறுபடி வெடிப்பு. மறுபடி உதறல். இந்த முறை தவளையின் ஒரு கால் அறுந்துபோய் வந்தது.

"என்னா பசிடா இதுக்கு!"

"பசி இல்லைண்ணே. குஞ்சு வெச்சிருக்கிற விரால் சரியாத் தின்னாது."

"அப்புறம் எதுக்கு இந்தக் கடி கடிக்குது?"

"கோபம்."

பக்கிரிசாமிக்கு அந்த மீனைப் பிடித்துப்போயிற்று. தன் வீட்டு மனுஷன் மாதிரி இருந்தது. "அடி! விடாதே! அப்படித்தான்!" என்று கத்திக்கொண்டே எறிந்தார். மூன்றாவது, நான்காவது. விரால் தவளையைத் துரத்திக்கொண்டு அல்லி இலைகளைத் தாண்டி வந்தது. ரத்தம் சுண்டிப்போயிருந்த உடம்பில் பல வருஷத்துக்கு அப்புறம் சூடு ஏறினாற்போல இருந்தது அவருக்கு.

"போதும்ண்ணே" என்றான் ஜெகபர்.

"இரு. இன்னும் ஒண்ணு."

"போதும்ண்ணே."

"இருடா, படி வரைக்கும் இழுத்துக் காட்டுறேன்!"

இழுத்துக் காட்டினார். விரால் படித்துறையின் கடைசிப் படிக்கே வந்துவிட்டது. வாய் கிழிந்து வெள்ளையாகத் தெரிந்தது. ஒற்றைக்கால் தவளையை அது இன்னும் விடவில்லை.

"பார்த்தியா!" என்று பக்கிரிசாமி திரும்பினார்.

ஜெகபர் மீனைப் பார்க்கவில்லை. அல்லி இலைகளுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கே தண்ணீர் வேறுவிதமாகக் கொதித்தது. ஜிலேபி மீன்கள். குளத்தில் உள்ள ஜிலேபி எல்லாம் சேதி தெரிந்தது போல அங்கே கூடியிருந்தன. பட் பட்டென்று வாய்கள் திறந்து மூடின. சிவப்புப் படலம் பிய்ந்து துண்டாகி, ஒவ்வொரு துண்டாகக் காணாமல் போனது.

பக்கிரிசாமி தவளையைச் சட்டென்று தண்ணீரிலிருந்து தூக்கினார்.

"போச்சுடா! போ! திரும்பிப் போ!"

விரால் போகவில்லை. படியை ஒட்டி வட்டமடித்தது. தவளை விழுந்த இடம், எழும்பிய இடம் என்று தேடியது.

"அங்க பாரு! பின்னாடி பாரு! உன் குஞ்சைத் தின்னுறானுங்க!"

காலடியில் கிடந்த செங்கல் துண்டை எடுத்து, மீனை விரட்டுவதற்காக எறிந்தார். விரால் பாய்ந்து அந்தச் செங்கல்லைக் கடித்தது.

பக்கிரிசாமி அப்படியே வேட்டியோடு தண்ணீருக்குள் இறங்கினார். இடுப்பளவு போய்க் கையால் தண்ணீரை அடித்து அடித்து, ஜிலேபிகளைப் பார்த்து வாய்க்கு வந்தபடி ஏசினார். லாரி ஓட்டிய காலத்து ஏச்சு முழுவதும் வந்தது. ஜிலேபிகள் கலைந்தன. விரால் அவருடைய தொடையை இடித்துக்கொண்டு உள்ளே போனது.

தண்ணீர் அடங்கியபோது, சிவப்பாக ஒரு கையளவு மிஞ்சியிருந்தது. கறுப்பு நிழல் அதன் கீழே போய் நின்றது.

பக்கிரிசாமி படியில் உட்கார்ந்தார். மூச்சு இரைத்தது.

"நீ தெரிஞ்சுதானே எறியச் சொன்னே?"

"போதும்னும் சொன்னேண்ணே."

சட்டைப் பையில் போன் அடித்தது. நனையாமல் தப்பித்திருந்தது. சரோஜா. பின்னால் மேளச் சத்தம்.

"காது குத்துற ஆசாரி வந்துட்டாரு. பன்னிரண்டுக்கு எமகண்டம், அதுக்குள்ள குத்தணும்ங்கிறாங்க. மஞ்சுளாதான் வேணாம், இன்னும் பத்து நிமிஷம் இருப்போம்னு உட்கார்ந்திருக்கா. வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா. நான் அவ்வளவுதான் சொல்லுவேன்."

போன் நின்றது. பக்கிரிசாமி அதைக் கையிலேயே வைத்திருந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் படிப்படியாக இறங்கியது.

"அவன் செஞ்சது தப்பு, வாத்தியாரே."

"தப்புதாண்ணே."

"எங்கம்மா முகத்தை நான் பார்க்கலை."

"ஆமாண்ணே."

"அவனை மன்னிக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

"நான் மன்னிக்கச் சொல்லலையேண்ணே."

பக்கிரிசாமி எழுந்தார். ராடு படியிலேயே கிடந்தது. "உன் வண்டி ஓடுமா, இல்லை எல்லாத்தையும் கழட்டிப் போட்டிருக்கியா?"

"ஓடும்ண்ணே."

"எடு. வேட்டி ஈரம் போற வழியில காயட்டும். ஆனா ஒண்ணு, அவன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவன் இருக்கிற பக்கம் திரும்ப மாட்டேன். அவன் மகன் வந்து கால்ல விழுந்தாலும் தலையில கைவைக்க மாட்டேன்."

"சரிண்ணே."

வண்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது. ரயில்வே கேட்டைத் தாண்டியது. பக்கிரிசாமி பின்னால் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மண்டபத்து மேளம் காதில் விழத் தொடங்கியபோது, ஜெகபரின் தோளைத் தட்டினார்.

"அந்த விராலைச் சொல்லிக் குத்தமில்லை, வாத்தியாரே. தவளை குஞ்சைத் தின்னும். அதுக்குத்தான் அடிச்சுது."

"தின்னும்ண்ணே."

"அது ரப்பர்னு அதுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா விட்டுட்டுக் குஞ்சுகிட்டப் போயிருக்கும்ல?"

ஜெகபர் வேகத்தைக் குறைத்துக் கியரை மாற்றினான்.

"முதல் கடியிலேயே தெரிஞ்சிருக்கும்ண்ணே."

மண்டபத்து வாசலில் பக்கிரிசாமி இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.