சைகோன் ரோஜா

புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி மதலேனின் வீடு. பழைய புரோச்சுகளைப் பார்த்து விவரம் சொல்வது அவள் வேலை. சேலைத் தோளில் குத்துகிற அந்தச் சின்ன அலங்கார ஊசியைக் கொண்டுவந்து, இது எதனால் ஆனது, கையால் செதுக்கியதா, அச்சில் வார்த்ததா என்று ஆட்கள் கேட்பார்கள்.

அவளுடைய ஒரே சிஷ்யர் தணிகாசலம். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், குருவைவிட இருபது வயது மூத்தவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள். வந்து போகிறவர்களுக்கு இதில் யார் யாருக்குச் சொல்லித் தருகிறார்கள் என்ற குழப்பம் உண்டு. கொஞ்ச நாளாக அவருக்கே அந்தக் குழப்பம் வந்திருந்தது.

ஒரு நாள் காலையில் கேட்டேவிட்டார்.

"டீச்சர், நான் எப்போ தனியா பாத்துச் சொல்லலாம்?"

"இன்னிக்கே சொல்லுங்களேன் சார். நான் குறுக்கே பேச மாட்டேன்."

சொன்னபடியே நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் வந்தவள் பெயர் சௌந்தரி. மேசையில் கைக்குட்டையை விரித்தாள். உள்ளே ஒரு வெள்ளை ரோஜா புரோச் இருந்தது.

"எங்க அம்மாவோடது. போன மாசம் தவறிட்டாங்க. நகையெல்லாம் அக்காவுக்குப் போச்சு. எனக்கு இது மட்டும்தான். யானைத் தந்தம், உன் தாத்தா வியட்நாம் சைகோன்ல வாங்கினாரு, எல்லாத்தையும்விட இதுதான் ஒசத்தின்னு சொல்லிக் குடுத்தாங்க. அக்கா இது வெறும் பிளாஸ்டிக்னு சிரிக்கிறா."

"விக்கப் போறீங்களாம்மா?"

"இல்லைங்க. அம்மா என்கிட்ட உண்மையைத்தான் சொன்னாங்களான்னு தெரியணும். அவ்வளவுதான்."

தணிகாசலம் ரோஜாவைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் சூடு ஏறும்வரை தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். கற்பூர வாசம் குப்பென்று அடித்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாளே இப்படி ஒன்று கையில் வந்து விழும் என்று அவர் நினைக்கவில்லை.

"தந்தம் இல்லம்மா, செல்லுலாய்ட். அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். பாக்கத் தந்தம் மாதிரியே இருக்கும். ஆனா கற்பூரம் சேத்துத்தான் செய்வாங்க. தேய்ச்சா வாசம் காட்டிக் குடுத்துடும். மோந்து பாருங்க."

சௌந்தரி மோந்து பார்த்தாள். அழவில்லை, வாதாடவும் இல்லை. கைக்குட்டையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டாள்.

"சாகப் போற நேரத்துல கூட என்னை ஏமாத்தணுமா?" என்றாள். "இது இங்கயே கிடக்கட்டும்."

எழுந்துவிட்டாள். தணிகாசலம் டீச்சரைப் பார்த்தார். மதலேன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சௌந்தரியைத்தான் கேட்டாள்.

"இதை அம்மா எதுல வெச்சிருந்தாங்க?"

"பட்டுப்புடவைப் பெட்டியில."

"பூச்சி அரிக்காம இருக்க உள்ள என்ன போடுவாங்க?"

"கற்பூரம்தான். சின்னச் சின்னதா பொட்டலம் கட்டி…" சௌந்தரி பாதியில் நிறுத்தினாள்.

தணிகாசலத்துக்குக் காது இரண்டும் சுட்டது.

மதலேன் ரோஜாவை எடுத்து ஜன்னலில் கடற்காற்று படும்படி வைத்தாள். சௌந்தரியை உட்காரச் சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள். அவசரமே இல்லாமல் போட்டாள். மூவரும் குடித்தார்கள். வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய பிறகு ரோஜாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் தேய்த்தார், மோந்தார். காபி வாசம் மட்டும்தான் வந்தது, அதுவும் அவர் விரலிலிருந்து.

அப்போதுதான் புரோச்சைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது அவள் சொல்லித் தந்த முதல் பாடம். லென்ஸை வைத்தார். இதழ்களுக்கு அடியில் உளி இழுத்த கீறல்கள் இருந்தன. அச்சில் வார்த்திருந்தால் விளிம்பில் ஒரு பொருத்துக்கோடு ஓடும், அது இல்லை. தட்டையான அடிப்பாகத்தில் மெல்லிய கோடுகள் வலை மாதிரி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. தந்தத்துக்கு மட்டுமே வாய்த்த கோடுகள் அவை. காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கின்றன.

"தந்தம்தாம்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "உங்க அம்மா சொன்னது நிஜம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்க."

சௌந்தரி அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே ரோஜாவைத் தோளில் குத்திக்கொண்டாள். ஊசி சரியாக மாட்டவில்லை. மதலேன் எழுந்து மாட்டிவிட்டாள்.

சௌந்தரி போன பிறகு தணிகாசலம் காலி டம்ளர்களை அடுக்கி வைத்தார்.

"என் மூக்கு என்னைக் கவுத்துடுச்சு, டீச்சர்."

"மூக்கு மேல பழி போடாதீங்க சார். அது கற்பூரம்னு மட்டும்தான் சொல்லுச்சு."