அட்டை கடிக்காத அதிகாரி

அருவிப் பாதையில் குப்பை பொறுக்குவது வெள்ளைத்தாயியின் வேலை. ஆய்வுக்கு வந்த அதிகாரி தணிகாசலம், பாதை தொடங்கும் அடிவாரத்தில் நின்று அவளை வேலையிலிருந்து நீக்க உத்தரவு எழுதிக்கொண்டிருந்தார்.

"அருவி வரைக்கும் நடந்துபோய் என் கண்ணால பார்த்தேன். ஒரே குப்பை! இல்லைன்னு நிரூபி, பார்ப்போம்."

அடைமழைக் காலம். அருவியிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் பக்கத்தில் உட்கார்ந்து, ரத்தம் ஒழுகும் காலிலிருந்து அட்டைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைத்தாயி பணிவாகக் குனிந்து உப்புப் பொட்டலத்தைப் பிரித்தாள். "அது கிடக்கட்டும் ஐயா. முதல்ல காலைக் காட்டுங்க, அட்டைக்கு உப்பு வைக்கிறேன்."

அதிகாரி பேன்ட்டைத் தூக்கிப் பெருமையாகக் காட்டினார். "என்னை ஒரு அட்டைகூடத் தொடலையே!"

"மேல போன அத்தனை பேரையும் கடிச்சிருக்கு. உங்களை மட்டும் விட்டுவைக்க, அட்டைக்கும் நீங்கதான் மேலதிகாரியா ஐயா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரி உத்தரவைக் கிழித்தார். துண்டுகளைப் போட இடம் தேடினார்.

வெள்ளைத்தாயி கூடையை நீட்டினாள்.